கேலி ஓவியமும் கைவண்ணப் படியும்

பழைய பாட்டொன்றை உரையின் துணையின்றிப் படிக்கும் மாணவன் சொற்களைக் காண்கிறான். அச்சொற்கள் யாரை நோக்கி, எந்தச் சூழலில் கூறப்பட்டன என்பதை அவன் அறிவதில்லை. பழைய அரசியல் கேலி ஓவியத்தைக் காண்பவர் நிலையும் இதுவே. கோடும் வண்ணமும் கண்ணுக்குத் தெரிகின்றன, கேலி தெரிவதில்லை. இந்நிலையில், அவ்வோவியங்களைக் கையால் மீண்டும் தீட்டி வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கும் வழக்கத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அது கலையைப் போற்றுவதா? அன்றிக் கலையின் உயிரை நீக்கி உடலை மட்டும் அலங்கரிப்பதா?

இவ்வினா என் உள்ளத்தில் எழுந்ததற்குக் காரணம் பினாங்கில் ஒரு நண்பர் இல்லத்தில் நான் கண்ட ஓவியமாகும். ஏறத்தாழ நான்கு அடி அகலமுள்ள சீலையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்ட படம் அது. மேசையின் இருபுறமும் இருவர் அமர்ந்து, உலக உருண்டையைப் போன்றதொரு பண்டத்தை வாளாலும் கத்தியாலும் அறுத்துக் கொண்டிருக்கின்றனர். நண்பரின் மகள் ஆறாம் படிவ மாணவி. "இவர்கள் யார், மாமா?" என்று என்னைக் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் நண்பரே, "யாரோ இரண்டு வெள்ளைக்காரர்கள் விருந்துண்கிறார்கள். வேடிக்கையாக இருக்கிறதே என்று வாங்கினேன்" என்று கூறிச் சிரித்தார். அவர் கூறியதில் பொய்யில்லை. ஆயினும் அந்த விடை என்னை உறுத்திற்று. அந்த விருந்தில் உண்ணப்பட்டது எது என்பதை அறிந்திருந்தால், பினாங்கில் வாழும் ஒருவர் அத்துணை எளிதாகச் சிரித்திருக்க மாட்டார்.

ஓவியமும் அதன் காலமும்

அப்படத்தின் மூலம் ஜேம்ஸ் கில்ரே என்னும் ஆங்கில ஓவியர் 1805 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளியிட்ட செதுக்கோவியமாகும். 'ஆபத்திலிருக்கும் பிளம் புட்டிங்' என்பது அதன் பெயர். உலர்ந்த பழங்களையிட்டு அவித்துச் செய்யும் உருண்டையான இனிப்புப் பண்டம் ஆங்கிலேயர் விருந்துகளுக்கு உரியது. அதனையே கில்ரே உலகமாக வரைந்தார். இடப்புறம் இருப்பவர் இங்கிலாந்தின் தலைமை அமைச்சர் வில்லியம் பிட். ஒல்லியான உடலும் கூரிய மூக்கும் உடைய அவர் திரிசூலம் போன்ற முட்கரண்டியைக் குத்திக்கொண்டு கடற்பரப்பை அறுக்கிறார். வலப்புறம் இருப்பவர் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன். இருக்கையினின்றும் பாதி எழுந்து, வாளால் ஐரோப்பாவை வெட்டி எடுக்கிறார். ஒருவர் பசி பொறுமையான பசி; மற்றவர் பசி பதற்றமான பசி. ஆனால் இருவர் பசியும் ஒன்றே.

1805 சனவரியில் நெப்போலியன் ஆங்கில மன்னருக்கு அமைதி வேண்டி மடல் எழுதினார். அந்த அமைதிப் பேச்சின் உட்பொருள் யாதென்று கில்ரே இப்படத்தின் வாயிலாகக் காட்டினார். பின்னர் நிகழ்ந்தவை அவர் பார்வையை மெய்ப்பித்தன. அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் நாள் டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயர் வென்றனர், கடல் அவர்களுடையதாயிற்று. டிசம்பர் 2 ஆம் நாள் ஆஸ்டர்லிட்சுப் போரில் நெப்போலியன் வென்றார். ஐரோப்பாவின் பெரும்பகுதி அவர் கைக்குள் வந்தது. இரு துண்டுகளும் படத்திற் கண்டவாறே பரிமாறப்பட்டன எனலாம்.

அங்கதத்தின் இருவகை

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பகுக்கிறார். வெளிப்படையாக வசை கூறுவது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தி அன்று. ஆனால் இப்பகுப்பு மேலைநாட்டுக் கேலி ஓவியத்தை அளக்கவும் பயன்படும் கருவி என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

கில்ரே 1792 ஆம் ஆண்டு வரைந்த மற்றொரு படத்தில் வேல்ஸ் இளவரசர் பெருந்தீனியின் பின் நாற்காலியிற் சாய்ந்து முட்கரண்டியாற் பற்குத்திக் கொண்டிருக்கிறார். அருகே தீர்க்கப்படாத கடன் சீட்டுகள் கிடக்கின்றன. இது செம்பொருள் அங்கதம். பார்த்தவுடனே பழி தெரிகிறது. வரலாறு அறியாதவனும் அவர் ஊதாரி என்று உணர்ந்துகொள்வான். பிளம் புட்டிங் படமோ பழிகரப்பைச் சார்ந்தது. அது இரு பெருந்தலைவர்களை நாகரிகமான விருந்தில் அமர்த்துகிறது. வசைச்சொல் எதுவும் அங்கில்லை. தட்டில் இருப்பது உலகம் என்பதை உணர்ந்த பிறகே விருந்து கொள்ளையாக மாறுகிறது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வது போற் புகழ்ந்து, அவன் போர் அறியாதவன் என்று ஔவை உணர்த்திய புறநானூற்றுக் காட்சியை ஈண்டு நினைவுகூரலாம். அதியமானின் படைக்கலங்கள் ஏன் முரிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்பதை அறியாதவர்க்கு அப்பாட்டு வெறும் ஆயுத வருணனையாகவே தோன்றும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. செம்பொருள் அங்கதம் படியெடுப்பவரின் அறியாமையை ஓரளவு தாங்கும். பழிகரப்பு அங்கதம் தாங்காது. மறைந்திருக்கும் பொருளை அறியாமற் படியெடுப்பவர், மறைப்பை மட்டும் படியெடுக்கிறார், மறைக்கப்பட்டதை விட்டுவிடுகிறார்.

மூலமே ஒரு படி

கைவண்ணப் படிகளைக் குறைகூறுவோர் பெரும்பாலும், "மூலம் ஒன்றே, படிகள் பல, ஆதலின் படி தாழ்ந்தது" என்று வாதிடுவர். கேலி ஓவியத்துக்கு இவ்வாதம் பொருந்தாது. கில்ரேயின் படங்கள் பிறக்கும்போதே படிகளாகப் பிறந்தன. செப்புத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் அப்பூச்சைக் கீறி, அமிலத்தில் தோய்ப்பர். கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். பதியும் படம் இடவல மாற்றமடையும். ஆதலின் ஓவியர் எழுத்துகளையும் தலைகீழாகவே பொறிக்க வேண்டும். கில்ரே இளமையில் எழுத்துப் பொறிக்கும் தொழிலையே பயின்றவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இவ்வாறு அச்சான தாளுக்குப் பின்னர் நீர்வண்ணம் பூசப்பட்டது. அதனைப் பூசியவர் பெரும்பாலும் கில்ரே அல்லர். கூலிக்கு அமர்ந்த வண்ணத் தொழிலாளர். மாதிரிப் படம் ஒன்றை முன்வைத்து அவர்கள் ஒவ்வொரு தாளாகத் தீட்டினர். ஆதலாலேயே இன்று காட்சிக்கூடங்களில் உள்ள ஒரே படத்தின் இரு தாள்கள் வண்ணத்தில் ஒத்திருப்பதில்லை. ஏட்டுச்சுவடிகளில் நாம் காணும் பாடபேதத்தைப் போன்றதே இந்த வண்ணபேதமும். ஆகவே 'கையால் தீட்டிய படி' என்பது கேலி ஓவியத்தின் பிறப்பிலேயே உள்ளது. பெயர் தெரியாத அத்தொழிலாளரின் தூரிகையின்றிக் கில்ரேயின் புகழ் இத்துணைப் பரவியிராது.

இப்படங்களை வெளியிட்டவர் ஹன்னா ஹம்ஃப்ரி என்னும் பெண்மணி. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் 27 ஆம் எண்ணுள்ள அவர் கடையின் சன்னலில் புதிய படங்கள் மாட்டப்படும். 1808 இல் கில்ரே வெளியிட்ட ஒரு படம் அந்தச் சன்னலையே காட்டுகிறது. முன்னே ஒருவர் வழுக்கி விழுகிறார். பின்னே நிற்பவர்கள் அவரைக் கவனியாமல் படங்களையே பார்த்துக் கொண்டிருக்கின்றனர். காசு கொடுத்து வாங்கியவர் செல்வர். தெருவில் நின்று கண்டவரோ பலதரத்தார். தெருவும், கூட்டமும், அன்றைய செய்தியும் சேர்ந்தே அப்படங்களுக்குப் பொருளைத் தந்தன.

படிகளின் பயணம்

லண்டனிற் பிறந்த படங்கள் பிற ஊர்களுக்குப் பரவிய வகைகள் மூன்றினை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, களவுப் படி. செதுக்கோவியர்க்கு உரிமை தரும் சட்டம் ஹோகார்த் என்னும் ஓவியர் முதலியோர் முயற்சியால் 1735 இல் இங்கிலாந்தில் நிறைவேறியது. அச்சட்டம் எட்டாத டப்ளின் நகரில் லண்டன் படங்களைப் பார்த்து வேறு தகட்டிற் பொறித்து விற்றனர். இவற்றின் நோக்கம் வாணிகமே. எனினும் நிகழ்ச்சி சூடு ஆறுமுன் படம் பிறரைச் சென்றடைந்தது.

இரண்டாவது, உரைப் படி. செருமனியின் வைமர் நகரில் பெர்ட்டுக் என்பவர் 1798 முதல் வெளியிட்ட 'லண்டனும் பாரிசும்' என்னும் இதழ் கில்ரேயின் படங்களைச் சிறிதாக்கிப் பொறித்து, கையால் வண்ணமிட்டு, நீண்ட விளக்கத்தோடு வழங்கியது. விளக்கம் எழுதியவர்களுள் பெட்டிகர் என்னும் மொழிப் புலவர் குறிப்பிடத்தக்கவர். கிரேக்க, இலத்தீன் நூல்களுக்கு உரை காணும் முறையிலேயே அவர் படங்களுக்கும் உரை கண்டார். இவர் யார், இக்கொடி எதைக் குறிக்கும், இத்தொடர் எந்த நாடகத்திலிருந்து எடுத்து மாற்றப்பட்டது என்றெல்லாம் அவ்விதழ் விளக்கிற்று. கடல் கடந்த வாசகன் சிரிக்க வேண்டுமானால் முதலில் அவன் அறிய வேண்டும் என்பதை உணர்ந்தோர் அவர்கள்.

மூன்றாவது, நினைவுப் படி. 1815 இல் கில்ரே மறைந்தார். அவருடைய பழைய செப்புத் தகடுகளை வாங்கிய ஹென்றி போன் என்னும் பதிப்பாளர், 1851 ஐ ஒட்டி அவற்றை மீண்டும் அச்சிட்டுத் தொகுப்பாக வெளியிட்டார். தாளின் இருபுறமும் படங்கள், வண்ணம் இல்லை. நாகரிகத்துக்கு ஒவ்வாதனவாக அன்று கருதப்பட்ட படங்கள் தனியே பிரித்து விற்கப்பட்டன. ஓவியரின் கையாற் பொறித்த அதே தகட்டிலிருந்து பதிந்தவை ஆதலின் இவை கோட்டளவில் மெய்யானவை. ஆயினும் தெருச்சன்னலில் நின்ற படம் இப்போது நூலகப் பேழைக்குள் புகுந்துவிட்டது.

எண்ணெய் வண்ணப் படி இழந்தவை

இம்மூன்றனையும் அடுத்து வருவது இக்காலத்து எண்ணெய் வண்ணப் படி. புகழ்பெற்ற ஓவியங்களைக் கையாலேயே படியெடுத்து உலகெங்கும் அனுப்பும் தொழில் பெருகியுள்ளது. சீனாவில் ஷென்ஷென் நகரைச் சார்ந்த டாஃபென் என்னும் சிற்றூர் 1989 முதல் இத்தொழிலால் பெயர் பெற்றது. அத்தொழிலாளரின் திறமையை நான் குறைகூற வரவில்லை. அவர்கள் கை வன்மை பெரிது. குறை, எதனைப் படியெடுக்க வேண்டும் என்று சொல்லாத வாணிகத்தினுடையது.

நண்பர் இல்லத்துப் படியில் நான் கண்ட முதற்குறை எழுத்தின் இழப்பு. மூலத்தின் மேலும் கீழும் பெயரும், சேக்ஸ்பியரின் 'சூறாவளி' நாடகத்திலிருந்து மாற்றி அமைத்த தொடரும், வெளியிட்ட நாளும் உள்ளன. படியில் ஓரெழுத்தும் இல்லை. எழுத்துப் பொறிப்பில் தொழில் தொடங்கிய கலைஞரிடமிருந்து எழுத்தைப் பறித்துவிட்டோம். நாளும் பெயரும் நீங்கிய அங்கதம், திணையும் துறையும் நீங்கிய புறப்பாட்டுக்கு ஒப்பாகும்.

இரண்டாவது குறை அளவைப் பற்றியது. மூலம் கையில் ஏந்திப் பார்க்கத்தக்க தாள். அருகிற் கொண்டுவந்து நுணுகி நோக்கினால்தான் நாற்காலிகளின் முதுகில் உள்ள உருவங்கள் புலப்படும். பிட்டின் நாற்காலியிற் சிங்கம். நெப்போலியன் நாற்காலியிற் பேரரசுக் கழுகு. அக்கழுகின் நகங்களில் சிக்கியிருப்பது புரட்சியின் சின்னமாகிய விடுதலைக் குல்லாய். மக்கள் புரட்சியைப் பேரரசன் கவ்விக்கொண்டான் என்னும் செய்தி அச்சிறு குல்லாயில் அடங்கியுள்ளது. படியில் அது ஒரு சிவப்புத் தீற்றலாக நின்றுவிட்டது. உருவம் பெரிதாயிற்று, பொருள் சிறுத்தது.

மூன்றாவது குறை கோட்டைப் பற்றியது. அமிலம் அரித்த கோடு கூர்மையும் நடுக்கமும் உடையது. தூரிகை அதனை மழுக்குகிறது. கேலி ஓவியத்தைக் குறிக்கும் மேலைச் சொல் 'பாரமேற்றுதல்' என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. எங்கே பாரமேற்றுவது, எங்கே ஏற்றாமல் விடுவது என்னும் தேர்வே கலை. பிட்டின் மூக்கிலும் நெப்போலியனின் கண்ணிலும் பாரம் உள்ளது. படியெடுத்தவர் முகம் முழுவதையும் ஒரே அளவில் விகாரமாக்கிவிட்டார். விகாரம் வேறு, கேலி வேறு.

நான்காவதாக, படத்தைப் பழமையாகக் காட்டுதற்பொருட்டு அதன்மேல் பழுப்புநிறம் பூசப்பட்டுள்ளது. கில்ரேயின் படங்கள் விற்பனைக்கு வந்த நாளில் புத்தம்புதியனவாய், பளிச்சென்ற நிறத்தனவாய் விளங்கின. பழமை என்பது அவர் தீட்டியதன்று; நாம் அவற்றுக்கு இடும் மாலை. மாலையிட்டபின் யாரும் கேலிக்கு அஞ்சுவதில்லை.

மூலமும் குற்றமற்றதன்று

படியின் குறைகளைக் கூறிவிட்டு மூலத்தை வானளாவப் புகழ்தல் திறனாய்வு ஆகாது. கில்ரே அறத்தின் திருவுருவம் அல்லர். 1797 முதல் சில ஆண்டுகள் பிட்டின் அரசிடமிருந்து அவர் மறைவாக ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை பெற்றார். அக்காலத்தில் அவருடைய ஊசி எதிர்க்கட்சியினர்மீதே மிகுதியாகப் பாய்ந்தது. கூலி பெற்ற கேலியை நாம் எவ்வாறு கொள்வது? கலைத்திறத்தால் அது உயர்ந்திருக்கலாம். ஆயினும் யார் கொடுத்த எண்ணெயில் விளக்கு எரிந்தது என்பதையும் மாணவர்க்குக் கூறியாதல் வேண்டும்.

மேலும் ஒன்று. நெப்போலியன் குள்ளர் என்று இன்றும் பள்ளிப் பிள்ளைகள் நம்புகின்றனர். அவர் உயரம் ஏறத்தாழ 5 அடி 6 அங்குலத்துக்கும் 7 அங்குலத்துக்கும் இடைப்பட்டது. அக்காலத்துப் பிரெஞ்சு ஆடவர்க்கு அது குறைவன்று. அவரைச் சிறுவனைப் போல மீண்டும் மீண்டும் வரைந்து அந்நம்பிக்கையை ஊன்றியவர்களுள் முதன்மையானவர் கில்ரே. பேரரசு அழிந்தது, அதை எதிர்த்த அமைச்சரும் 1806 சனவரியில் மறைந்தார், அந்தக் கேலி மட்டும் இருநூறாண்டுகளுக்கு மேலாக அழியவில்லை. உரையின்றி மாட்டப்படும் ஒவ்வொரு படியும் அப்பொய்யை மேலும் ஒரு தலைமுறைக்குக் கைமாற்றித் தருகிறது. கேலி ஓவியத்தை வரலாற்றுச் சான்றாகக் காட்டும் ஆசிரியர், அது எதற்குச் சான்று என்பதில் விழிப்பாக இருத்தல் வேண்டும். அது நெப்போலியனின் உயரத்துக்குச் சான்றன்று. ஆங்கிலேயரின் அச்சத்துக்குச் சான்று.

உருண்டையின் மறுபுறம்

இனி, பினாங்கு நண்பரின் சுவருக்கு மீண்டும் வருவோம். அந்த உலக உருண்டையில் நம் நாடு எங்கே உள்ளது? ஐரோப்பாவும் அத்திலாந்திக் கடலும் மேலே தெரிகின்றன. நம் பகுதி தெரிவதில்லை. அது மறுபுறத்தில் உள்ளது. ஆனால் கத்தி அங்கும் இறங்கிக் கொண்டுதான் இருந்தது.

பினாங்கு 1786 இல் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தது. பிரெஞ்சுப் படை ஆலந்து நாட்டைக் கைப்பற்றியபோது, அதனைக் காரணமாகக் கொண்டு 1795 இல் ஆங்கிலேயர் மலாக்காவைத் தம்வயமாக்கினர். கில்ரே இப்படத்தை வெளியிட்ட அதே 1805 ஆம் ஆண்டில் பினாங்கு தனி மாகாணமாக உயர்த்தப்பட்டது. அங்கு அரசின் துணைச் செயலாளராக வந்திறங்கியவர் ராஃபிள்ஸ். 1811 இல் சாவா வெல்லப்பட்டது. 1819 இல் சிங்கப்பூரில் ஆங்கிலக் கொடி ஏறியது. 1824 இல் ஆங்கிலேயரும் ஆலந்தரும் செய்துகொண்ட உடன்படிக்கை மலாய் உலகையே நடுவிற் கோடிட்டுப் பிரித்தது. பிற்காலத்தில் நம் முன்னோர் கப்பலேறி இங்கே கூலிகளாக வந்ததும் இந்த வெட்டின் தொடர்ச்சியே அன்றோ?

இவ்வுண்மையை உணர்ந்து நோக்கினால் கில்ரேயின் எல்லையும் புலப்படும். அவர் உண்பவர் இருவரையும் கேலி செய்தார்; உண்ணப்படுவோரை வரையவில்லை. புட்டிங்கின்மேல் ஒரு மனித உருவமும் இல்லை. அவர் காலத்தில், அவர் தெருவில் நின்று சிரித்தவர்க்கு அது குறையாகத் தோன்றியிராது. நமக்குத் தோன்ற வேண்டும். தட்டில் இருந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம் உண்பவரோடு சேர்ந்து சிரிப்பது பொருந்துமா?

உரையோடு கூடிய படி

ஆதலின் கைவண்ணப் படிகளை விலக்கிவிடலாமா எனின், வேண்டா என்பதே என் கருத்து. ஏடு பெயர்த்து எழுதியோர் இல்லையேல் சங்கப் பாடல்கள் நம்மை வந்தடைந்திரா. கோடுகோடாகப் பின்பற்றித் தீட்டுதல் நல்ல பயிற்சியுமாகும். அச்சுப்படத்தைக் கடந்துபோகும் கண், தீட்டும்போது ஒவ்வொரு நுட்பத்திலும் நின்றே ஆகவேண்டும். வேண்டுவது, படியோடு உரையும் சேர்வதே. வைமர் இதழார் அதனைச் செய்தனர். நம் பாரதியாரும் 1906 முதல் 'இந்தியா' வார இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டபோது அவற்றுக்கு விளக்கமும் எழுதினார். அப்படங்கள் 1994 இல் நூலாகத் தொகுக்கப்பட்டபோது அவ்விளக்கங்களே இன்றைய வாசகனுக்கு வழிகாட்டிகளாயின.

வகுப்பறையில் இத்தகைய படத்தைக் காட்டும் ஆசிரியர் நான்கு வினாக்களை மாணவர்முன் வைக்கலாம். இது எந்த நாளில், எங்கே வெளிவந்தது? சிரிக்கப்படுபவர் யார்? சிரிக்க வைத்தவருக்கு ஊதியம் அளித்தவர் யார்? இப்படத்தில் வரையப்படாமல் விடப்பட்டவர் யார்? முதல் மூன்றுக்கும் நூல்களில் விடை காணலாம். நான்காவதற்கு மாணவன் தன்னையே நோக்க வேண்டும்.

அன்று நண்பரின் மகளிடம் இவற்றுட் சிலவற்றைக் கூறினேன். அவள் நெடுநேரம் படத்தை நோக்கிவிட்டு, "அப்படியானால் பினாங்கு இந்தப் பக்கம் இருக்கும்" என்று உருண்டையின் அடியில், தட்டைத் தொட்டுக் கொண்டிருக்கும் பகுதியை விரலாற் சுட்டினாள். அடுத்த முறை நான் சென்றபோது படத்தின் கீழே ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஓவியர் பெயரும், 1805 என்னும் ஆண்டும், இருவர் பெயர்களும் அதில் அவள் கையெழுத்தில் இருந்தன. நண்பர் அதனை நீக்கவில்லை. வாங்கிய நாளில் வெறும் அலங்காரமாக இருந்த அந்தப் படி, அத்தாள் ஒட்டப்பட்ட பின்னரே கேலி ஓவியம் ஆயிற்று.